நெடுமடை ஏரிப் பொன்னைத் திருப்பிக் கேட்டு விடுத்த ஓலை

மலையும் மடையும் வாழ்க. மழை பருவம் தவறாதிருக்க. தாழைவளநாட்டின் அரியணையில் சென்ற பங்குனியில் அமர்ந்தவரும், மலைக்குடிகள் அனைத்துக்கும் மகளும், ஏரிக்கரைகள் அனைத்துக்கும் காவலுமாகிய கோதைவேள் நாச்சியார், பவழத்தீவின் பெருமன்னரும், ஏழு துறைகளை உடையவரும், காற்றுக்கு அஞ்சாத கலங்களின் தலைவருமாகிய கலங்காத்த மாராயர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் கொற்றமும் நலமே இருக்க. தங்கள் குடிகள் பசியறியாதிருக்க. தங்கள் துறைகளில் அலை அடங்கியிருக்க. இங்கே யாம் நலமாக இல்லை.

யாம் மலையில் பிறந்தவர். எம் ஊரில் தேனைக் கொடுத்து உப்பு வாங்குவோம். உப்பை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே தேன் குடுக்கையைக் கையைவிட்டு விடுவோம். யாம் சமவெளிக்கு இறங்கி அரசேற்ற சில நாட்களிலேயே தங்கள் தூதர் பொழிலனார் பட்டும் பவழமும் ஏந்தி அவைக்கு வந்து, தங்கள் தீவில் பிறந்து எம் நாட்டுக்குள்ளும் புகுந்துவிட்ட சங்கிலிக்காசு என்பதன் பெருமையை ஒரு முழுப் பிற்பகல் எடுத்துரைத்தார். அவையினர் தலையாட்டினார்கள். எமக்கோ புரியவில்லை. புரியாததைப் புரிந்ததுபோல் கேட்டுக்கொண்டிருக்கும் பழக்கம் எம்மிடம் இல்லையாதலால், வாய்விட்டுக் கேட்டோம்.

அந்தக் காசு பொன்னா வெள்ளியா செம்பா என்று கேட்டோம். எதுவுமில்லை, இன்னாருக்கு இத்தனை காசு என்று ஓலையில் பொறித்த ஒரு வரியே காசு என்றார். அந்த வரியை எவனாவது சுரண்டி மாற்றிவிட்டால் என் செய்வது என்று கேட்டோம். ஒவ்வோர் ஓலையும் தனக்கு முந்தைய ஓலையின் கடைசி வரியைத் தன் தலைவரியாகக் கொண்டு சங்கிலிபோல் தொடர்கிறதென்றும், அச்சங்கிலியின் படி எண்ணற்ற ஊர்களில் இருப்பதால் ஓர் ஊரில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் மற்ற ஊர்கள் காட்டிக்கொடுத்துவிடும் என்றும், ஆகவே மன்னரே நினைத்தாலும் பொய்யெழுத இயலாதென்றும் சொன்னார். உள்ளபடி சொல்கிறோம், அந்த ஏற்பாடு எமக்குப் பிடித்திருந்தது. கணக்கைத் திருத்தியே மாடி வீடு கட்டியவர்களை யாமும் கண்டிருக்கிறோம்.

புதுக்காசு எங்கிருந்து பிறக்கிறது என்று அடுத்துக் கேட்டோம். தங்கள் தீவில் எழுத்தர்கள் கூடங்கூடமாக அமர்ந்து, விளக்கெரித்து, ஒரே விடுகதைக்கு விடை தேடுகிறார்கள் என்றும், முதலில் விடை கண்டவருக்குப் புதுக்காசு பரிசென்றும் சொன்னார். அந்த விடையால் யாருக்கு என்ன பயன் என்றோம். விடைக்குப் பயனில்லை, தேடும் பாடே சங்கிலிக்குக் காவல் என்றார். எரியும் எண்ணெய் எவ்வளவு என்றோம். ஒரு சிறு நாட்டுக்குப் போதும் என்றார், அதையும் பெருமையாகவே சொன்னார். சரி, இந்தக் காசுக்கு மதிப்பு எதனால் வந்தது என்றோம். பலரும் விரும்புவதால் என்றார். ஏன் விரும்புகிறார்கள்? விலை ஏறுவதால். விலை ஏன் ஏறுகிறது? பலரும் விரும்புவதால். செக்குமாடுகூட ஒரு சுற்று சுற்றினால் கொஞ்சம் எண்ணெய் தரும். எம் கேள்விகளைக் கேட்டு அவையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், மலைப்பெண்ணுக்கு இது பிடிபடாது என்று தங்கள் தூதரும் அன்பாகவே சொல்லி அமர்ந்தார்.

கடைசியாக ஒன்று கேட்டோம்: காசு உடையவர் அதை எடுப்பது எப்படி? ஊர்தோறும் திரைக்குப் பின்னே ஒரு பித்தளைப் பொறி உண்டென்றும், காசு உடையவர் அதன் எழுத்துச் சக்கரங்களைத் தம் மறைச்சொல்லின்படி திருப்பினால் மணி அடிக்குமென்றும், மணி அடித்தால்தான் காசு கைமாறுமென்றும் சொன்னார். மறைச்சொல் தொலைந்தால் யாரிடம் போய் முறையிடுவது என்றோம். முறையிட யாருமில்லை, ஏனெனில் சங்கிலிக்குத் தலைவர் எவருமில்லை, அதுவே அதன் அழகு என்றார். அந்த அழகைத்தான் இப்போது நெடுமடையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நெடுமடை எம் நாட்டின் பேரேரிக்கு அடியில் உள்ள ஊர். ஏரிக்கரையைப் பேணுவதற்கென்று அவ்வூர்க் குடிகள் அறுவடைக்கு அறுவடை, கல்யாணத்துக்குக் கல்யாணம், தாலிக்கொடியில் குன்றிமணி எடை குறைத்தும் பொன் சேர்த்தார்கள். யாம் அரசேறும் முன்பே தங்கள் தூதர் அங்கே போய், பெட்டியில் கிடக்கும் பொன் குட்டி போடாது, சங்கிலியில் இட்டால் போடும் என்று சொல்லி, அத்தனை பொன்னையும் வாங்கிக்கொண்டு, சங்கிலியில் ஒரு வரி பொறித்துக் கொடுத்தார். பொன் போன கலத்தில் பறந்தது தங்கள் மீன்கொடி. அதைப் பார்த்த பரதவர் உயிரோடு இருக்கிறார்கள்.

இனி அவ்வூர் வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறியவேண்டும். ஏரிப்பொன்னை ஒருவர் கையில் கொடுப்பது நெடுமடையில் பாவம். பெட்டிக்கு ஐந்து பூட்டு, ஐந்து தெருவுக்கு ஐந்து சாவி. ஐவரும் கூடி நின்றால்தான் மூடி திறக்கும். சாவி வைத்திருப்பவர் இறந்துபோனால் ஊர்க்கொல்லரை அழைத்து, சபை பார்க்க அவர் பூட்டை மட்டும் உடைத்துப் புதுப்பூட்டு இடுவார்கள். பொன் போய் மறைச்சொல் வந்தபோதும் அந்த நல்லவர்கள் வழக்கத்தை விடவில்லை. மறைச்சொல்லை ஐந்து துண்டாக நறுக்கி, தெருவுக்கு ஒரு துண்டாக ஐவர் காதில் தங்கள் தூதரைக்கொண்டே தனித்தனியே ஓதச்செய்து, அடுத்தவர் துண்டை அறியமாட்டோம், எம் துண்டை உரைக்கமாட்டோம் என்று ஏரித்தண்ணீரைத் தொட்டுச் சத்தியம் செய்துகொண்டார்கள். துண்டுகளை ஓதிய தங்கள் தூதர், முழுச்சொல்லைத் தம் மனத்திலிருந்து அழித்துவிட்டதாகவும் ஆணையிட்டார். ஐவரில் ஒருவர், கீழைத்தெரு காரி நக்கனார், சித்திரையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

ஆடியில் கரை பிளந்தது. ஓர் ஆளின் கை நுழையும் பிளவு, மதகுக்குப் பக்கத்தில். கல்தச்சரை அழைக்கப் பொன் எடுக்கவேண்டி, ஊர் முழுவதும் பித்தளைப் பொறிமுன் கூடியது, யாமும் போயிருந்தோம். நால்வர் தத்தம் துண்டைத் திருப்பினார்கள். ஐந்தாவது இடத்தில் சக்கரம் சும்மா நின்றது. அப்போது வழக்கப்படி ஊர்க்கொல்லர் தம் சம்மட்டியை எடுத்துக்கொண்டு முன்னே வந்தார். பொறியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். பிறகு எம் பக்கம் திரும்பி அவர் கேட்டதை அவர் சொன்னபடியே பொறிக்கச் சொல்கிறோம்: "எங்கன அடிக்கட்டும் தாயீ? பூட்டையே காணோமே!" சம்மட்டி பிடித்த கை தாழ்ந்து போயிற்று. அவையில் சிரித்தவர்களும் அங்கே நின்றிருந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

காரி நக்கனாரின் மனைவி சாத்தியம்மையை அழைத்து, காய்ச்சலில் ஏதேனும் பிதற்றினாரா என்று சபையார் கேட்டார்கள். யாம் சொல்ல எழுதும் எம் ஓலைநாயகம் இதைச் செந்தமிழாக்கப் பார்க்கிறார்; கூடாது, ஐயா, அப்படியே எழுதும். அந்த அம்மை சொன்னது: "கேட்டேங்க. மூணு தடவ கேட்டேன். ஊர்க்காசுடி, தண்ணியத் தொட்டிருக்கேன்னு வாயை இறுக்கிக்கிட்டாரு. சொல்லியிருந்தா ஊரு பொழைக்கும்னு தெரிஞ்சிருந்தா அந்த மனுசன் சொல்லாம போவாரா?" இவ்வளவும் சொல்லிவிட்டு, தம் கணவர் செய்தது குற்றமா என்று எம்மையே கேட்டார். இல்லை அம்மா, அவர் குற்றம் செய்யவில்லை என்றோம். வேறு யார் செய்தார் என்பதைச் சொல்லவே இந்த ஓலை.

உடனே தங்கள் தூதரை வரவழைத்தோம். வந்தவர் சங்கிலியின் படியை விரித்து, நெடுமடையாரின் வரி ஓரெழுத்தும் பிசகாமல் இருப்பதைக் காட்டினார். இருந்தது. எல்லா ஊர்களிலும் இருக்கிறதாம். எல்லாக் கண்ணும் பார்க்கிறது, ஒரு கையும் எடுக்க முடியவில்லை. அதோடு விட்டாரா? காசின் விலை இவ்வாண்டு இருமடங்காகிவிட்டதென்றும், நெடுமடையார் முன்னிலும் இருமடங்கு செல்வர் என்றும் சொல்லி, பிளந்த கரையின்மேல் நின்றுகொண்டு அந்த ஊராரை வாழ்த்தினார். மன்னரே, யாம் வேட்டைக்குடியில் பிறந்தும் அன்று வாளைத் தொடவில்லை. அதை எம் பொறுமைக்குச் சான்றாகக் குறித்துக்கொள்ளலாம்.

இதுவரை தாங்கள் என்று எழுதினோம். இனி நீர் என்றே எழுதுகிறோம். சங்கிலிக்குத் தலைவர் இல்லை என்று உம் தூதர் மூச்சுக்கு மூச்சு சொல்கிறார். தலைவர் இல்லையென்றால் பொன்னை வாங்கிய கை யாருடையது? பொன் வரும்போது மட்டும் உமக்குக் கலமும் கொடியும் பண்டாரமும் இருக்கின்றன, திருப்பிக் கேட்டால் மட்டும் யாருமே இல்லையா? மன்னரும் பொய்யெழுத முடியாத ஓலை என்றீர், நல்லது. மன்னர் உதவவும் முடியாத ஓலை என்று ஏன் சொல்லவில்லை? மனிதர் சாவார் என்பது இதைச் செய்த அறிவாளிகள் ஒருவருக்கும் நினைவில் வரவில்லையா? எம் கொல்லருக்குத் தெரிந்திருக்கிறது, அவர் தாத்தாவுக்கும் தெரிந்திருக்கிறது. உம் ஓலை உண்மையே பேசுகிறது என்பதை ஒப்புகிறோம். அந்த உண்மையைப் பிளவில் வைத்து அடைக்க முடியுமானால் சொல்லும், நாளைக்கே அடைக்கிறோம்.

ஆகவே எம் ஆணை. ஐப்பசி மழைக்கு முன்பாக நெடுமடையார் கொடுத்த பொன் கொடுத்த எடைக்கே திரும்பவேண்டும். இருமடங்கு எமக்கு வேண்டா, அந்த இலாபம் உம்மோடு இருக்கட்டும். பொன்னாக முடியாவிடில் உம் தீவின் கருங்கல்லும் அதை அடுக்கும் கல்தச்சரும் வரவேண்டும். வரும்வரை உம் கலம் ஒன்றும் எம் துறையில் கயிறு கட்டாது. தம் பொருளைச் சங்கிலியில் இட விரும்பும் எம் குடிகளை யாம் தடுக்கவில்லை. ஊர்ப்பொதுப் பொன்னை மட்டும் இனி அதில் இடலாகாது என்று பறையறைந்திருக்கிறோம்.

உம் தூதர் பொழிலனாரைப் பற்றிக் கவலை வேண்டா. தூதருக்குத் தீங்கு செய்யும் குடியல்ல எம் குடி. அவருக்கு நெடுமடையில், கரைக்கு நேர் அடியில், பிளவைப் பார்த்த வாசலோடு ஒரு நல்ல வீடு ஒழித்துக் கொடுத்திருக்கிறோம். சாத்தியம்மை கையால் வேளைக்குச் சோறு போகிறது. காசு இன்னும் ஏறும், சற்றுப் பொறுங்கள் என்று அங்கேயும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏரியும் ஏறிக்கொண்டிருக்கிறது, எது முந்துகிறது என்று அவர் வாசலில் உட்கார்ந்தே பார்க்கட்டும். ஐப்பசி பிறந்ததும் அடுத்த வீட்டுக்கு யாமும் குடிவருகிறோம்.

இது கோதைவேள் நாச்சியார் வாய்மொழி. ஓலைநாயகம் எழுதியது, வேங்கை முத்திரை யாமே இட்டது, நெடுமடைச் சபையார் ஐந்து தெருவும் கூடி நின்று கேட்டது. மறுமொழியை ஓலையில் எழுதவேண்டா, மன்னரே. கல்லாக அனுப்பும்.