சத்தத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்

மார்ச் 2, ஞாயிறு

வாலுவின் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன மாதம் வாலு உங்கள் வீட்டிலிருந்து இருமலோடுதான் திரும்பினாள். இப்போது சரியாகிவிட்டது. நாள் முழுக்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நிற்கிறவள் வீட்டில் ஒரு இருமல் மருந்து இல்லையா என்று இரண்டு நாள் என் மானத்தை வாங்கினாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அவள் பள்ளியில் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபத்தொன்றாம் தேதி பிரிவு விழா. ஒவ்வொருவரும் சின்ன வயது வீடியோ ஒன்று கொண்டுவர வேண்டுமாம். அரங்கத்துப் பெரிய திரையில் போடுவார்களாம். வாலு கேட்பது, அவள் முதன்முதலில் நடந்த வீடியோவை. அப்படி ஒன்று இருக்கிறது என்று நீங்கள்தான் வாய்தவறிச் சொல்லியிருக்கிறீர்கள்.

அதில் என்ன இருக்கிறது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். முன்னறையில் அவள் நடக்க, நாம் காமிராவுக்கு வெளியே நின்று சண்டை போட்டோம். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "இவ பொறக்காமலே இருந்திருக்கலாம்" என்று பெற்றவள் சொன்னதை மகள் கேட்கக் கூடாது. நாம் பிரிந்தபோது என் அண்ணன் முன்னாலும் குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் முன்னாலும், சாட்சி காமிராவில் இருக்கிறது, போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இன்றைக்கும் கும்பிட்டுத்தான் கேட்கிறேன். சத்தத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆனால் படம் கெடக் கூடாது. வாலுவின் தோழி ஏதோ ஆப்பில் சத்தத்தை எடுக்கப் போய், படம் மொத்தமும் மங்கி, அழுதுகொண்டிருக்கிறாளாம்.

ஃபோன் என்றால் சண்டை, கடிதம் என்றால் விஷயம் என்று நாமே வைத்துக்கொண்ட ஏற்பாடு. அதனால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


மார்ச் 5, புதன்

வாலுவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இதற்கா இவ்வளவு பீடிகை? இருபத்திரண்டு வருடமாக வீடியோ வெட்டி ஒட்டித்தான் சோறு தின்கிறேன். என்னிடம் போய் படம் கெடக் கூடாது என்கிறாய்.

வீடியோ கோப்பு என்பது ஒரு டப்பா. உள்ளே படம் தனி, சத்தம் தனி. நாம் குடித்தனம் நடத்திய மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருக்குமே தவிர ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்காது. அந்தத் தோழி சத்தத்தை அடைத்துவிட்டு, மொத்தத்தையும் புதிதாகச் சேமித்திருப்பாள். அப்படிச் செய்தால் படத்தை இன்னொரு தரம் பிழிந்து சுருக்கும். பிழியப் பிழியச் சாரம் போகத்தான் செய்யும். நான் படத்தைத் தொடவே மாட்டேன். உள்ளது உள்ளபடி இன்னொரு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, சத்தத்தைப் பழைய டப்பாவிலேயே விட்டுவிடுவேன். ஒரு புள்ளிகூடக் குறையாது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

கேசட்டில் பூஞ்சை பிடித்து எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று. அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த ஒரே பிரதி என்னிடம் இருக்கிறது. ஏற்றியதோடு சரி, போட்டுப் பார்த்ததில்லை. மனசு வரவில்லை. நீ சொன்னது அப்படிப்பட்ட வார்த்தை. பதினாறு வருடமாகியும் காதை விட்டுப் போகவில்லை.

போகட்டும், பழசைக் கிளறுவானேன். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து முடித்துவிட்டு, திங்கட்கிழமை கூரியரில் அனுப்புகிறேன். பழைய பிரதியையும் அழித்துவிடவா? சொல். நான் அவ்வளவு கெட்டவன் இல்லை.

வாலுவிடம் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
அவள் அப்பா


மார்ச் 8, சனி

வாலுவின் அம்மாவுக்கு,

ஒரு சின்னச் சிக்கல். கோப்பு திறக்கிறது, ஆனால் அங்கங்கே படம் உடைகிறது. ஹார்ட் டிஸ்க் பழசு. சத்தத்தை எடுக்கப் போனால் இருப்பதும் போய்விடும் போலிருக்கிறது. எதற்கு வீண் வம்பு? மூன்று வயதில் அவள் மழையில் குதிக்கும் வீடியோ ஒன்று நன்றாக இருக்கிறது. அதை அனுப்பட்டுமா? நடந்த வீடியோ கெட்டுப்போய்விட்டது என்று அவளிடம் சொல்லிவிடு.

ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு நடந்தது உனக்கு எந்த அளவுக்கு நினைவிருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன். பழைய பிரதியை அழிப்பது பற்றி நீ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று ஒரு வரி எழுதினால் போதும். சீக்கிரம் எழுது.

அவள் அப்பா


மார்ச் 11, செவ்வாய்

வாலுவின் அப்பாவுக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்களுக்கோ நன்றாக ஆடத் தெரியும். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

புதன்கிழமை டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை, சனிக்கிழமை முடியாத வேலை ஆகிவிட்டது. படத்தைத் தொடவே மாட்டேன் என்று எழுதினீர்கள். தொடாத படம் எப்படிக் கெடும்? நான் மருந்துச் சீட்டு படிக்கிறவள். மூன்று நாளில் மருந்து மாறினால் நோய் மாறியிருக்கிறது என்றுதான் அர்த்தம். வாலு எந்த ஊர்க் கல்லூரியில் சேர்வது என்று இன்னும் முடிவாகவில்லை. உங்கள் ஊர் என்று முடிவாகும்வரை என்னை மிரட்ட இது கையில் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறீர்களா? அப்படித்தான் என்றால் நேராகச் சொல்லுங்கள்.

நினைவிருக்கிறதா என்று கேட்டீர்கள். என் வாய் அதைச் சொன்னது எனக்கு நினைவில்லை. மனசு நினைத்தது நினைவிருக்கிறது. அந்த ஒரு வருடம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நான் தூங்கியதில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே, இவள் இல்லாமல் இருந்திருந்தால் என்று ஓரிரு முறை நினைத்திருக்கிறேன். உடனே அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் உண்டு. நீ சொன்னாய் என்று நீங்கள் சொன்னதும், உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். காமிரா சாட்சி என்றபிறகு மறுக்க எனக்கு என்ன இருந்தது?

இனி உங்கள் தயவு வேண்டாம். வருகிற ஞாயிறு, பதினாறாம் தேதி, நானே வாலுவிடம் சொல்லிவிடப் போகிறேன். உன் அம்மா ஒரு நாள் இப்படிச் சொன்னாள், மன்னித்துக்கொள் என்று கேட்டுவிடுகிறேன். என்றைக்கோ ஒரு பென் டிரைவிலிருந்து அவள் தெரிந்துகொள்வதை விட என் வாயால் கேட்கட்டும். அதற்குப் பிறகு என்னை அம்மா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவள் இஷ்டம்.

சத்தத்தை எடுக்க வேண்டாம். எதையும் அழிக்கவும் வேண்டாம். இருக்கிறபடியே அனுப்புங்கள்.

வாலுவின் அம்மா


மார்ச் 13, வியாழன்

வாலுவின் அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் ஒன்றும் சொல்லாதே. மீதியை நீ படிக்காமல் கிழித்துப் போட்டாலும் இதை மட்டும் படித்துவிடு. அந்த வார்த்தையை நீ சொல்லவில்லை. நான் சொன்னேன்.

படம் உடையவில்லை. டிஸ்க்குக்கும் ஒரு கேடும் இல்லை. சொன்னபடி வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன், நான்கு நொடியில் வேலை முடிந்தது. முடிந்ததும் சத்தம் உள்ளது ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம் என்று இரண்டையும் ஓடவிட்டுச் சரிபார்ப்பது என் தொழில் பழக்கம். கை தானாக அதைச் செய்தது. காதில் ஹெட்ஃபோன் இருந்தது.

இரண்டாவது நிமிடத்தில் வாலு நாற்காலியை விட்டுக் கையை எடுக்கிறாள். அப்போது ஒரு ஆண் குரல் கேட்கிறது. "இவ பொறக்காமலே இருந்திருக்கலாம். நான் எப்பவோ கெளம்பிப் போயிருப்பேன்." யார் இவன் என்றுதான் முதலில் தோன்றியது. எட்டு முறை போட்டுக் கேட்டேன். ஊரார் குரலையெல்லாம் ஒரு வார்த்தையில் அடையாளம் சொல்கிறவனுக்குத் தன் குரல் தெரிய எட்டு முறை ஆனது.

அதற்கடுத்து உன் குரல் வருகிறது. நீ கத்தவில்லை. "மெதுவா பேசுங்க. அவ நடக்குறா, பாருங்க" என்கிறாய். நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் என் குரல்தான் கேட்கிறது, அதற்குள் வாலு ஐந்து அடி நடந்து உட்கார்ந்துவிட்டாள். மகள் முதன்முதலில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்று இவ்வளவு வருடம் எல்லோரிடமும் பெருமை அடித்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமைதான் பார்த்தேன்.

இது எப்படி உன் வார்த்தை ஆனது என்று நீ கேட்பாய். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். என்னடா ஆச்சு என்றான். நான் சொன்னதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, நீ சொன்னதாகச் சொன்னேன். முதல் தடவை பொய் என்று தெரிந்துதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பத்துப் பேரிடம் சொன்ன பிறகு எனக்கே தெரியவில்லை. உன் அண்ணன் முன்னால் காமிரா சாட்சி என்று மார்தட்டியபோது சத்தியமாக நம்பித்தான் தட்டினேன். அது என்னை நல்லவன் ஆக்காது என்று தெரியும்.

இன்னும் அசிங்கமானதையும் சொல்லிவிடுகிறேன். சத்தமில்லாத கோப்பு தயாராக இருந்தது. பழையதை அழிக்க ஒரு பொத்தான் போதும். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. உன் சம்மதம் இருந்தால் பாவம் பாதியாகும் என்று கணக்குப் போட்டுத்தான், சீக்கிரம் எழுது என்று உன்னை விரட்டினேன். உன் கடிதம் வந்தது. நான் சொன்ன வார்த்தைக்கு நீ அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாய் என்று படித்தேன். பொத்தானை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இத்துடன் அனுப்பும் பென் டிரைவில் இரண்டு கோப்பும் இருக்கின்றன. என்னிடம் வேறு பிரதி இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதைக் காட்டுவது என்று நீதான் சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அடித்துவிட்டேன். எனக்கு அதைக் கேட்கத் தகுதியில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அவள் அப்பா


மார்ச் 22, சனி

வாலுவின் அப்பாவுக்கு,

இதை நாளைக்கு வாலு கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டியிருக்கிறேன், பிரிக்க மாட்டாள்.

போன சனிக்கிழமை பென் டிரைவ் வந்தது. மருந்தகத்தின் பின்னறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஸ்டாக் பார்க்கும் கம்ப்யூட்டரில் போட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. என் குரலைக் கேட்டதும் வந்துவிட்டது. இருபத்தாறு வயதுக்காரி ஒருத்தி, தூக்கமில்லாதவள், அவ நடக்குறா பாருங்க என்கிறாள். அந்தப் பெண்ணைப் பதினாறு வருடம் நான் குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்திருந்தேன். நீங்கள் ஏற்றிவிட்டீர்கள். இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டது நான்.

கோபம் அதற்கப்புறம் வந்தது, இன்னும் போகவில்லை. பெற்ற பிள்ளையைச் சபித்தவள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்ற என் அண்ணன் இன்றுவரை என் வாசலை மிதிக்கவில்லை. அவருக்கு நீங்களே எழுத வேண்டும். என் பெயரால் சொல்லாதீர்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள்.

நேற்று விழா நடந்தது. சத்தமில்லாததைத்தான் போட்டோம். உங்கள் வேலையில் குறை சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய திரையில் அவளுடைய கீழ்ப்பல் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. அவள் உட்கார்ந்ததும் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். மற்ற எல்லா வீடியோவிலும் பேச்சும் சிரிப்புமாக இருந்தது, நம்முடையதில் ஏன் ஒன்றுமே இல்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். அதில் நாங்கள் சண்டை போட்டோம், அப்பா கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், சத்தம் உள்ளதும் என்னிடம் இருக்கிறது, கேட்பதும் விடுவதும் உன் இஷ்டம் என்றேன். என்ன வார்த்தை என்று நான் சொல்லவில்லை. படுக்கப் போகும்போதுதான் சொன்னாள். "அப்பா பக்கத்துல இருக்கும்போது கேக்குறேன்மா. அவரே போடட்டும்."

பென் டிரைவ் அவள் பையில் இருக்கிறது. நீங்களே போடுங்கள். முன்கூட்டியே சமாதானம் சொல்லாதீர்கள், சத்தத்தைக் குறைக்காதீர்கள், பாதியில் எழுந்து போகாதீர்கள். அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்லுங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். வராவிட்டால் இதுவே கடைசிக் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் வாலுவை ஒரு முறைகூடத் திட்டியதில்லை. சாமானைப் போட்டு உடைத்தபோதும், கணக்கில் தோற்றபோதும், ஃபோனை அணைத்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தபோதும் வாயைத் திறந்ததில்லை. அந்த வார்த்தையைச் சொன்னவளுக்குத் திட்ட உரிமை இல்லை என்று இருந்துவிட்டேன். எவ்வளவு பொறுமைசாலி அம்மா என்று அக்கம்பக்கத்தில் பெயர் வேறு. புதன்கிழமை காலையில் அவள் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். "எத்தன தடவடி சொல்றது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் ஓடிவந்து, காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, துண்டை எடுத்துக் காயப்போடு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போய்க் காயப்போட்டாள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா