வெடிக்கு நிற்கும் குதிரை

13.11.2005, ஞாயிறு

மழை விடவில்லை. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் திறக்காததால் வேலைக்குப் போகிற சனம் எல்லாம் வீட்டில். தெருவில் பகல் முழுக்கப் பேச்சுச் சத்தம்.

எதிர்வீட்டு முகம்மது நூகு தன் குதிரை நூரியைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மழையில் குளிப்பாட்ட வேண்டுமா என்று கேட்டேன். "மழை நனைக்கும் டீச்சர், அழுக்கை எடுக்காதுல்லா" என்றார். அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நூரிதான் போகிறாள். நோன்பு மாதம் முழுக்கச் சும்மா இருந்தவருக்கு இனிமேல்தான் சீசன். அந்த ஒரு வெள்ளைக் குதிரையை வைத்துத்தான் குடும்பமே ஓடுகிறது.

அவர் மனைவி சித்திகா வாசலில் நின்று, "என்னைய ஒரு நாளாச்சும் இப்படிக் கவனிச்சிருக்காகளான்னு கேளுங்க டீச்சர்" என்றாள்.

"நீ ஊர்வலம் போறியாக்கும்?" என்றார் அவர்.

14.11.2005

முழங்கால் வலி. ஒன்றும் படிக்கவில்லை.

15.11.2005, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் நூகு விஸ்வநத்தம் பக்கம் நூரியை மேய விட்டிருக்கிறார். அங்கே ஒரு பழைய கல்கிடங்கு, கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளம். மழையில் ஊறிய கரை நூரியோடு சேர்ந்து சரிந்துவிட்டது. சித்திகா ஓடிவந்து சொன்னாள். ஆட்டோவில் போனோம். நூகு ஆள் கூட்டிவரப் போயிருந்தார். தீயணைப்பு வண்டி வேறெங்கோ தீயென்று போயிருந்ததாம்.

நாங்கள் போனபோது சேறு அவள் முழங்கால் வரைதான். அவளும் சும்மா நிற்கவில்லை. ஒரு காலை உருவுவாள், முன்னால் வைப்பாள், மூச்சு வாங்குவாள், அடுத்த காலை உருவுவாள். லாரி இறங்குகிற சரிவுப் பாதை எதிரே தெரிந்தது. அதன் பாறைத் தரையைத் தொட இன்னும் கொஞ்ச தூரம்தான். "வந்துரு, வந்துரு" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்போது ஊர்க்காவலன் என்கிறவன் ஒரு சரவெடியோடு வந்தான். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிறவன், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவன். "பின்னாடி ஒரு சரத்தைப் போட்டா ஒரே தாவா தாவிரும் டீச்சர். எங்க எருமை கண்மாயில சிக்குனப்ப அப்படித்தான் கரையேத்துனோம்" என்றான். "போடுலே, போடு" என்றது கூட்டம். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

சரம் வெடித்தது. நூரி நின்றுவிட்டாள்.

காலை உருவவில்லை. தலையைத் தாழ்த்தி அப்படியே நின்றாள். இன்னொரு சரம். அசையவில்லை. சேறு மட்டும் ஏறியது. "பயத்துல விறைச்சிருச்சுலே, பெரிசாப் போடு!" என்றது கூட்டம். சித்திகா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "போடாதீக! வெடிச்சா நிக்கணும்னுதான் அவுக பழக்கியிருக்காக!" அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

ஊர்வலத்தின் முன்னால் நீளச் சரம் வெடிக்கிற ஊர் இது. மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு குதிரை ஓடிவிடக் கூடாது. அதனால் குட்டியிலிருந்தே வெடி போட்டு, அசையாமல் நின்றால் கருப்பட்டி கொடுத்துப் பழக்கியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வழிபாட்டு மணி அடித்தால் ஓடுகிற பிள்ளை ஓடின இடத்திலேயே நிற்குமே, அப்படி. வெயிலானாலும் நிற்கும். சேறானாலும்.

நூகு வந்து சேர்ந்தபோது வயிறு வரை புதைந்திருந்தாள். அவர் யாரையும் திட்டவில்லை. சிதறிக் கிடந்த வெடித்தாளைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பழக்கியிருக்கேன்" என்றார்.

16.11.2005

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நூகு கூட்டிவந்தது பெத்தணனின் ஆட்களை. அச்சாபீஸ்களுக்கு வரும் பெரிய மிஷின்களைத் தூக்கி இறக்குகிறவர்கள். கிரேன் அந்தச் சகதியில் இறங்காது. மூன்று இரும்புக் கால்களை நட்டு, உச்சியில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார்கள். சங்கிலியைக் கையால் இழுக்க இழுக்கப் பாரம் மேலே வரும்.

"மிஷின் பேசாம இருக்கும் பாய். இது என்ன செய்யும்னு நான் உறுதி சொல்ல முடியாது" என்றார் பெத்தணன்.

முன்காலுக்குப் பின்னால் ஒரு பெல்ட், பின்காலுக்கு முன்னால் ஒரு பெல்ட். ஈரத்தரையில் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் தூக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் இடைவெளி கிடைத்தால் விட்டுவிடும். சேறும் அப்படித்தான். அதற்காகக் கால்களை ஒட்டித் தண்ணீர் பாய்ச்சினார்கள். சேறு விட்டது. ஆனால், கால் தரையை விட்டதும் அவள் உதறினாள். பின் பெல்ட் வழுகியது. ஓர் ஆளின் தோளில் உதை.

"நிக்கச் சொல்லுங்க பாய்! இல்லேன்னா கைய விட்டு நழுவிரும்!" என்று கத்தினார் பெத்தணன்.

நூகு திரும்பி, ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஊர்க்காவலனைப் பார்த்தார். "சரம் மிச்சம் இருக்கா?"

"பாய், என்னால முடியாது—"

"போடு."

வெடித்தது. நாலு காலும் அந்தரத்தில் தொங்க, அசையாமல் இருந்தாள். அடியில் பலகை கொடுத்து, அதன்மேல் இறக்கி, எல்லாரும் கயிறு பிடித்துச் சரிவில் இழுத்தோம். நானும் பிடித்தேன்.

மேலே வந்தாள். எழுந்திருக்கவில்லை.

18.11.2005

கால்நடை டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "நின்னாத்தான் பிழைக்கும்" என்றார். கையைத் தலைக்கு வைத்துத் தூங்கினால் கை மரத்துப்போகிறதே. அவள் உடம்பு முழுக்க அப்படி, அவள் பாரமே அவளை நசுக்குகிறது. அதே பெல்ட்டைக் கட்டிக் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். கால் ஊன்றவில்லை. ஊர்க்காவலன் தன் வீட்டுக்கே போகவில்லை. நூகும் அவனுமாக அவளைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள்.

19.11.2005

கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தாள். முடியும் போலத்தான் தெரிகிறது.

20.11.2005, ஞாயிறு

அந்தக் கல்யாணம் இன்று. மாப்பிள்ளை காரில் போனார்.

காலையிலிருந்தே நூரி எழப் பார்ப்பதும் விழுவதுமாக இருந்தாள். நூகு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஊர்வலம் பக்கத்துத் தெருவில் வந்தபோது சரம் போட்டார்கள். நூரியின் காது நிமிர்ந்தது. உதறல் நின்றது. தலையைத் தரையில் வைத்து அசையாமல் கிடந்தாள்.

சரம் முடிந்தது. மேளம் தூரப் போய்விட்டது. அவள் அசையவில்லை. முதலில் நாங்கள் அதைப் பழக்கம் என்றுதான் நினைத்தோம்.

21.11.2005

பெத்தணன் ஆட்கள்தான் தூக்கினார்கள். நான் போகவில்லை.

14.05.2006, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை.

விருதுநகரிலிருந்து சித்திகாவின் தம்பி சாபிர் கொடுத்தனுப்பிய செவலைக் குதிரை இப்போது நூகு வீட்டில் இருக்கிறது. அச்சாபீஸ்களுக்குக் காகிதக் கட்டு ஏற்றிய வண்டி இழுக்கிறது. ஊர்வலத்துக்கு அனுப்புவதில்லை. இன்று ஒரு கல்யாண வீட்டார் கேட்டு வந்தார்கள்.

"வெடிக்கு நிக்குமா பாய்?"

"நிக்காதுங்க."

"சும்மா சொல்றீக. நீங்க வளர்த்த குதிரை நிக்காமப் போகுமா?" அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே பையிலிருந்து வெடி ஒன்றை எடுத்து, வாசலில் பற்றவைத்துப் போட்டான்.

செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்தது. தண்ணீர் வாளி உருண்டது. சைக்கிள்காரர் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "ஐயோ, பிடிங்க! போகுது, போகுது!" என்று சித்திகா தெருவில் ஓடினாள்.

நூகு கூப்பிடவில்லை. முனை திரும்பி அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.