சிரிக்காத படம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் அறைத் தோழனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, உடம்புக்கு ஒன்றுமில்லை, அதுவரைக்கும் நிஜம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று முகம் சுளிப்பாய். நான் பேசுவதை யாராவது பிடித்து வெட்டி ஒட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறதப்பா, காகிதத்தை வெட்டினால் வெட்டினது தெரியும்.

ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது உனக்குத் தெரியும், மாடி வீட்டு லிப்ட் மெக்கானிக்கை, உன் நெட்டையண்ணனை, போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப்போனதும் தெரியும். தெரியாததை எழுதுகிறேன். அன்று காலை நிலையத்து லிப்ட் நின்றுவிட்டது, பார்த்துவிட்டு வா என்று அவனை அனுப்பியதே அவன் கம்பெனிதான். கேமராவில் அவன் கறுப்புப் பையோடு நுழைவது தெரிகிறது, நம் போட்டோக் கடை ஷட்டர் சிக்கிக்கொண்டால் தூக்கிக்கொண்டு வருவானே, அதே ஸ்பானர் பை. டிவியில் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். ‘நெட்டை’ என்ற ரகசியப் பெயரில் இயங்கினானாம். அந்த ரகசியப் பெயரை வைத்தது நீதானேடா, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அவன் நம் கடை வாசல்நிலையில் தலையை இடித்துக்கொண்டதைப் பார்த்து! கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, அவர்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அப்புறம்தான் உறைத்தது.

அதைவிடக் கொடுமை அந்தப் படம். கம்பெனி அடையாள அட்டைக்காக நம் ஸ்டுடியோவில் நான் எடுத்தது. ஒரு சானலில் கோட்டுப் போட்ட ஒருவர் குச்சியை வைத்துக்கொண்டு, இந்தக் கண்ணைப் பாருங்கள், இந்த உதட்டைப் பாருங்கள், ஈவிரக்கமே இல்லாத முகம் என்று பாடம் நடத்துகிறார். அவனால் கேமரா முன்னால் சிரிக்காமல் உட்காரவே முடியாது, வாயைத் துடைத்துக்கொள்வான், மறுபடியும் பல் தெரியும். சிரித்த படம் செல்லாது என்று கம்பெனியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். “சிரிக்காத, நேரா பாரு, சொல்றது காதுல விழலையா” என்று நான் அதட்டி வாங்கின முறைப்பு அது.

இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் மைக்கோடு வந்த பெண்ணிடம் பேசினேன். “நமக்கெதுக்கு வம்பு, ஷட்டரை இறக்கு” என்று அப்பா சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அந்தப் பெண் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டாள், தண்ணீர்கூட வாங்கிக் குடித்தாள். அவன் சிரிப்பு, என் அதட்டல், ஒன்று விடாமல் சொன்னேன். டிவியில் வந்தது ஒரே வரி. “அப்புறம் பாத்தா அவன் மூஞ்சி அப்படியே கல்லு மாதிரி ஆயிடுச்சு.” கீழே, ‘படம் எடுத்த பெண் அதிர்ச்சித் தகவல்’ என்று எழுத்து. என் குரல்தான், என் வாய்தான், ஆனால் நான் சொன்னது அதில் இல்லவே இல்லை. உடனே மாடிக்கு ஓடினேன். அவன் மனைவி கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து “நீங்களுமா அக்கா” என்றாள், அவ்வளவுதான். படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்தத் துண்டைத்தான் நீ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “அம்மாவே சொல்லிட்டாங்க, எனக்கு அப்பவே அந்த ஆள் முகத்துல ஏதோ தெரிஞ்சுது” என்று எழுதினாய். உன் மாமா அதைத் தன் ஆபீசுக்கு அனுப்ப, அங்கே சுற்றி இங்கே சுற்றி நம் தெருவுக்கே வந்து சேர்ந்துவிட்டது. எனக்குக் கோபம், இன்னும் ஆறவில்லை, மறைக்க மாட்டேன். அந்த முகத்தில் உனக்கு அப்படி என்ன தெரிந்தது? நீ சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பிளந்துகொண்டபோது உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவன் முகம் அது. போட்டதை எடுத்துவிடு, எடுத்ததோடு நிற்காமல் தப்பு என்றும் எழுது. மாமா முறுக்கிக்கொண்டால் அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குப்பையெல்லாம் சேர்த்து வைக்கிறேன் என்று அப்பா குறைப்படுவாரே, அதுதான் இப்போது கைகொடுத்தது. வேண்டாமென்று ஒதுக்கின படம் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது, கண்ணை இடுக்கிக்கொண்டு அவன் வாய்கொள்ளாமல் சிரிக்கிறான். பெரிதாகப் போட்டுக் கடைக் கண்ணாடியில் வைத்துவிட்டேன். கட்டடச் சொந்தக்காரர் வந்து “எடுத்துடும்மா, கண்ணாடி உடைஞ்சா நான் பொறுப்பில்ல” என்றார். வழக்கமாக வருகிறவர்கள் எதிர்ப்பக்கமாக நடக்கிறார்கள். நேற்று யாரோ கண்ணாடியில் அவன் முகத்துக்கு நேராகக் கறுப்பு மையை அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். தேய்த்துக் கழுவினேன். அப்பா வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்புறம் உள்ளே போய் டிவி வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டார்.

இன்று அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். கண்ணாடி முன்னால் நின்றவள் என் முகத்தைப் பார்க்காமலே, “இதுல சின்ன சைஸ் ஒண்ணு போட்டுத் தருவீங்களா அக்கா, டிவியில அவர் மூஞ்சி வந்தா இவ பயந்து அழறா” என்றாள். பெற்ற அப்பாவைப் பார்த்துக் குழந்தை பயப்படுகிறது, கேட்டாயா? போட்டுக் கொடுத்தேன். கம்பெனி அவனை அனுப்பினதற்கான அத்தாட்சியை வக்கீல் கொடுத்துவிட்டாராம், இன்னும் அவனை விடவில்லை. விட்டால் அதற்கும் சிவப்பு வட்டம் போடுவார்களா என்ன.

அப்புறம் உன் படத்தைத் தேடினேன். பாஸ்போர்ட்டுக்காக உன்னையும் அதே ஸ்டூலில் உட்கார வைத்து அதே அதட்டல் போட்டேன், எடுத்துப் பார், அதே முறைப்பு. அந்த ஊரில் உன்னை யாருக்குத் தெரியும்? உன் வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது நடந்து, உன் பை கேமராவில் விழுந்தால், அந்தப் படத்தைத்தான் போடுவார்கள், குச்சியோடு ஒருவர் வருவார். அதனால் நீ சிரித்துக் கெடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன்னைச் சிரிக்க வைத்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? ஓரத்தில் வெளிச்சத்துக்காக வெள்ளை அட்டை பிடித்திருக்கிறதே ஒரு கை, அது அவனுடையது.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். ஒரு குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார். குழுவில் எழுத மறக்காதே. படத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வை.

இப்படிக்கு,
உன்னையும் சிரிக்காதே என்று அதட்டிய
அம்மா