ஐந்தாம் நாள் கொடுத்த வெட்டுக்கிளி

இன்று காலை சமையலறை ஜன்னல் வலையில் ஒரு கும்பிடுபூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சை நிறம், விரல் நீளம். நான் நகர்ந்த பக்கமெல்லாம் அதன் முக்கோணத் தலையும் திரும்பியது. பால் பொங்கி வழிந்தது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன் அடக்கத்தன்றுகூட அழாதவள், அந்தத் தலை திரும்பியதும் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் நாம் இருவரும் செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். தாம்பரத்தில் ஒரே பள்ளியில் வேலை. எனக்குக் கணக்கு, உனக்கு விஞ்ஞானம். நான் முட்டையைக்கூடத் தொடாத வீட்டிலிருந்து வந்தவள். நீ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியதும் மீன் குழம்பு வைப்பவள். நம் அலமாரித் தட்டில், வாயில் கொசுவலைத் துணி கட்டிய ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள்தான் உன் பூச்சி.

வேலியிலிருந்து அதைக் குஞ்சாகப் பிடித்து வந்தாய். "நகர்ற உயிரைப் பிடிச்சுத்தான் இது தின்னும்னு எல்லாரும் சொல்றாங்க. உயிரில்லாததைக் கொடுத்தே வளர்த்துக் காட்டறேன் பாரு" என்றாய். பல்லாவரத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் விஞ்ஞான ஆசிரியர்கள் கூட்டத்தில், மூத்தவர் ஒருவர், "நடக்காதும்மா, வேற வேலை பாருங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த வார்த்தை உனக்குள் தைத்திருந்தது.

தண்ணீரில் கலந்த தேனை அது நக்கியது. மசித்த வாழைப்பழத்தைத் தட்டிவிட்டது. வெந்த மஞ்சள் கரு சில நாள் பிடித்தது, சில நாள் பிடிக்கவில்லை. ஆட்டு ஈரல்தான் நிலைத்தது. கொத்துமல்லி விதை அளவு துணுக்கை ஈர்க்குச்சி நுனியில் குத்தி, அதன் கண்ணெதிரே லேசாக ஆட்டுவாய். முன்னங்கால்கள் பாய்ந்து பற்றும். தின்று முடித்ததும் காலை ஒவ்வொன்றாக வாயில் விட்டுச் சுத்தம் செய்துகொள்ளும். ஈரல் கொடுத்தது முன்பகுதியிலிருந்த வீட்டுக்கார அம்மா. "இன்னா டீச்சர், எங்க வூட்டுக்காரருக்கே ஈரலு பத்தல, உன் பூச்சிக்கு தெனிக்கும் விருந்தா கீது?" என்பார். ஆனாலும் ஒரு துண்டை எடுத்து வைத்துவிடுவார். இரண்டரை மாதம், மூன்று முறை தோலுரித்தது, நாள் தவறாமல் உன் நோட்டில் குறிப்பு. அடுத்த மாதக் கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லி உன்னை அழைத்திருந்தார்கள்.

அப்போதுதான் மதுரையிலிருந்து தந்தி வந்தது, உன் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாய்: "உயிரோட எதையும் போட்டுடாதே. ஒண்ணே ஒண்ணு போட்டாலும் இவ்வளவு நாள் செஞ்சதெல்லாம் போச்சு."

தலையை ஆட்டினேன். நீ போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ஈரல் வாசனையே எனக்குக் குமட்டியது. முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு குச்சியை நீட்டி ஆட்டினேன். அது தொடவில்லை. இரண்டாம் நாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் தேனையும் விட்டது. நான்காம் நாள் மாலை துணியைப் பற்றித் தொங்காமல் ஜாடியின் அடியில் கிடந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அப்பாவும் போய், இதுவும் செத்துக் கிடந்தால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை குடையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். முழங்கால்வரை புடவை நனைய, கைக்குட்டையால் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தேன். ஜாடியில் விட்ட மறுகணம் அது பாய்ந்தது. கடித்து மெல்லும் சத்தம் மழையோடு மழையாகக் கேட்டது. "பிழைச்சுக்கிச்சு" என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு உன் நோட்டைத் திறந்து, "ஐந்தாம் நாள்: ஈரல். தின்றது" என்று எழுதினேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன்.

மறுநாளிலிருந்து அது ஈரலையே வாங்கிக்கொண்டது. அதனால் என் பொய் இன்னும் வசதியாகிவிட்டது.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, பன்னிரண்டு நாள் கழித்து வந்தாய். பாதியாக இளைத்திருந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜாடியைப் பார்த்தாய், பிறகு நோட்டை. "ஏய், நீயா ஈரல் கொடுத்தே? உன் கையால?" என்று என்னைக் கட்டிக்கொண்டாய். "அப்பா போனப்புறம் எனக்குக் கிடைச்ச முதல் நல்ல சேதி இதுதான்டி." அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வேன்? ஒரு வாரம் பள்ளிக்குச் சேர்ந்து போனோம், சேர்ந்து சாப்பிட்டோம். நீ கட்டுரையைச் சுத்தப் பிரதி எடுத்தாய்.

சனிக்கிழமை கூட்டத்துக்குப் போக, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். சானடோரியம் ஸ்டேஷன் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சானடோரியம் போய்விட்டது. குரோம்பேட்டையில் ஏறிய கூட்டம் நம்மை நெருக்கியது. இன்னும் ஒரே ஸ்டேஷன்.

"அது ஈரல் இல்ல" என்றேன். "வெட்டுக்கிளி. உயிரோட."

நீ என்னையே பார்த்தாய்.

"எத்தனை?"

"ஒண்ணுதான். செத்துடும்னு பயந்துட்டேன்."

"குச்சியை ஆட்டினியா?"

"கண்ணை மூடிக்கிட்டு ஆட்டினேன்."

திட்டுவாய் என்று காத்திருந்தேன். பையிலிருந்து கட்டுரையை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, பேனாவை என்னிடம் நீட்டினாய். "நீயே எழுது." ஆடுகிற ரயிலில் ஈரல் என்ற சொல்லை அடித்து, வெட்டுக்கிளி என்று கோணல்மாணலாக எழுதினேன். பல்லாவரம் வந்துவிட்டது.

கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உன் குரல் எங்கும் தடுமாறவில்லை. அந்த வரியும் வந்தது. "நான் ஊருக்குப் போன ஐந்தாம் நாள் உயிருள்ள வெட்டுக்கிளி ஒன்று கொடுக்கப்பட்டது. ஆகவே இந்தச் சோதனை முழுமையானதல்ல." யாரோ சிரித்தார்கள். அந்த மூத்தவர் எழுந்தார். "நீங்கதான் ஊர்ல இல்லையே. அப்ப யாரும்மா போட்டது?"

நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாங்க போட்டோம் சார்" என்றாய்.

திரும்பும் ரயிலில் நீ பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. கோபம் உனக்கு உண்மையாகவே இருந்தது. நான்காம் நாள் டிபன் டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "உப்பு கம்மி" என்றாய். அவ்வளவுதான். அதன் பிறகு ஐம்பது வருஷத்துக்கும் மேல் பழகியும், ஒரு சண்டையில்கூட அந்தப் பேச்சை நீ எடுத்ததில்லை.

என் தப்புகளைப் பின்னால் எத்தனையோ பேர் மன்னித்திருக்கிறார்கள். மன்னித்தார்கள் என்பதை எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டும் இருந்தார்கள். கோபம் ஆறும் முன்பே என் தப்பில் பாதியைத் தன்மேல் போட்டுக்கொண்டவள் நீ ஒருத்திதான். அந்த "நாங்க" இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீ எனக்காகச் சொன்னது போல, அதை இன்னொருத்திக்காகச் சொல்லும் தைரியம் எனக்கு இரண்டு தடவைதான் வந்திருக்கிறது. இரண்டு தடவையும் உன் குரலில்தான் சொன்னேன்.