ரத்தம் வரவில்லை என்றார்கள்

அக்கா,

இன்று காலை காளவாசல் சிக்னலில் பேருந்து நின்றபோது யாரோ ஜன்னல் வழியாக என் மடியில் ஒரு நோட்டீஸைப் போட்டுவிட்டுப் போனார். மின்சார ஸ்கூட்டர் கடைத் திறப்புவிழாவாம். படத்தில் ஒரு பெண் தலைமுடியைக் காற்றில் பறக்கவிட்டு வண்டி ஓட்டுகிறாள். ‘லைசென்ஸ் வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம், கவலையே வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

இதையேதான் உங்களிடமும் சொன்னார்கள். நம் சேலைக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு, வில்லாபுரம் பேருந்திலும் நின்றுகொண்டே போக முடியவில்லை என்று நீங்கள் வண்டி பார்க்கப் போனபோது நானும் கூட வந்தேன். “இது சைக்கிள் மாதிரிம்மா, விழுந்தாக்கூட ஒன்னும் ஆகாது” என்றார் வண்டிக் கடைக்காரர். ஒரு தலைக்கவசத்தையும் இலவசமாகத் தந்தார். விரலால் அழுத்தினால் உள்வாங்கும் பிளாஸ்டிக். வாரம் திரும்புவதற்குள் நாடிப்பட்டை அறுந்துவிட்டது. அந்தத் தலைக்கவசத்தில் நீங்கள் கீரை வாங்கி வந்ததைப் பார்த்து நம் கடையே சிரித்தது. “இதுக்காச்சும் ஆகுதே” என்றீர்கள்.

நீங்கள் விழுந்த அன்று நான் அண்ணன் மகளின் காதுகுத்துக்காக டி. கல்லுப்பட்டி போயிருந்தேன். தெற்குவாசல் பக்கம், குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய இடத்தில் ஜல்லி சிதறிக் கிடந்திருக்கிறது. சக்கரம் சறுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தீர்கள். வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தலை மட்டும் நடைபாதைக் கல்லில் மோதியது. எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டீர்கள்.

மற்றதெல்லாம் பிறகு கடையில் இருந்தவர்கள் வாயால் கேட்டது. முதலாளி உங்கள் தலையைப் பார்த்துவிட்டு, “ரத்தம் வரலேல்ல, அப்ப ஒன்னுமில்ல. சோடா குடிச்சிட்டு உக்காருங்க” என்றாராம். மதியம் வாந்தி எடுத்திருக்கிறீர்கள். பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். அதன்பின் யார் எதைக் கேட்டாலும் உங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்திலேயே பதில் சொன்னீர்களாம். உங்கள் ஆட்கள் சேலை எடுக்க வந்தாலொழிய கடையில் அதைப் பேசாதவர் நீங்கள். “அக்காவுக்கு அன்னைக்குத் தமிழே மறந்துபோச்சு” என்று என்னிடம் சொன்ன கடைப் பெண், சொல்லும்போதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தூங்கட்டும் என்று உங்களைக் குடோனில் படுக்க வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார்கள். சாயங்காலம் எழுப்பினால் நீங்கள் எழவில்லை. மண்டைக்குள்ளேயே ரத்தம் கசிந்து மூளையை அழுத்திவிட்டது, வாந்தி எடுத்தபோதே ஸ்கேன் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று மருத்துவர் உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன்.

துக்கத்துக்கு முதலாளி ஆளுயர மாலையோடு வந்தார். எல்லாம் விதி என்றார். வண்டி விற்றவரும் வந்திருந்தார். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை என்று வந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம் நம் கடை வாசலிலேயே செல்வி விழுந்தாள். நீங்கள் போனபின் சேர்ந்த பெண், பரவையிலிருந்து அதே மாதிரி வண்டியில் வருகிறவள். பின்மண்டை அடிபட்டிருந்தது. தலையில் எதுவும் போட்டிருக்கவில்லை.

“ஒன்னுமில்லக்கா, வேலயப் பாக்குறேன்” என்றாள்.

இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். யோசித்தாள். மறுபடி கேட்டேன். “எதுக்குக்கா கேக்குறீக?” என்றாள், கிழமை மட்டும் வரவில்லை. முதலாளி எழுந்து வருவதற்குள் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். வழியெல்லாம் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன். ஸ்கேனில் சின்னதாகக் கசிவு தெரிந்தது. உடனே சேர்த்துக்கொண்டார்கள். பிழைத்துவிட்டாள், அக்கா.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளி ஒரு வாடிக்கையாளரிடம் சொல்கிறார்: “நம்ம கடையில எப்பவுமே அப்படித்தான். லேசா அடிபட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம்.”

நான் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். வாயெல்லாம் கசந்தது. அடுத்த மேசையில் செல்வி ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் பட்டுச் சேலையை விரித்துக் காட்டி, விலை சொல்லி, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு ஒரு சொல்கூடக் குழறவில்லை. இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டே மடித்தேன். கசப்பு போகவில்லை, அக்கா. போக வேண்டாம் என்றே வைத்திருக்கிறேன்.