மூக்குக் கொம்பில் கட்டிய தொட்டில்

தேயிலை எஸ்டேட், மேல் டிவிஷன்
12.9.76

அன்பு மகள் சாந்தம்மாளுக்கு அப்பா எழுதுவது. இங்கே மழை விடவில்லை, ஆனாலும் எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று தெரிந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தையில்லை என்று உன் மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் உன் அம்மா பழைய சேலையைக் கிழித்துத் தொட்டில் முடியத் தொடங்கிவிட்டாள். துரை பங்களாப் பூங்காவில் மூக்கில் கொம்போடு சிலையாய் நிற்கிற கொம்பன் சாமிக்கு நேர்ந்துகொண்டாளாம். நீ பிறக்க வேண்டியும் அந்தக் கொம்பில்தானே தொட்டில் கட்டினோம்.

அந்தச் சாமிக்கு வந்த கதையைக் கேள். புது மானேஜர் டூரிஸ்டுகளுக்காகப் பூங்காவைத் திறந்துவிட்டு, எண்ணெயையும் குங்குமத்தையும் சுரண்டிப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை கொச்சியிலிருந்து ஒரு காலேஜ் சார் வந்து எங்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். அது சாமியே இல்லையாம். மனுஷன் பிறக்கிறதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்னால் இலை தழை தின்று திரிந்த பிராணியாம். பழைய துரை லண்டனில் ஒரு பூங்காவில் பார்த்துவிட்டு வந்து, தன் பிள்ளைகளுக்காக சிமெண்டில் செய்துவைத்ததாம். நான் வாயைப் பிளந்து கேட்டேன். நம் மலையிலும் திரிந்ததா, குட்டி போடுமா முட்டையிடுமா என்று நச்சரித்ததில் பக்கத்து லயத்து வீட்டுப் பிலோமி, அண்ணே மத்தவுகளையும் கேக்க விடுங்க என்று சிரித்தாள். முட்டைதானாம். இன்னொரு வேடிக்கை, மண்ணிலிருந்து எடுத்த அதன் எலும்பை லண்டன் பண்டிதர்கள் மூக்குக் கொம்பு என்று வைத்தார்களே, அது அதன் கட்டைவிரலாம்! படித்தவர்களே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள், குறை உன்னிடம்தான் என்று உன் மாமியார் எதைக் கண்டு முடிவு கட்டினார்? மாப்பிள்ளையும் டாக்டரிடம் காட்டட்டும். மாமனார் சொன்னார் என்றே சொல்.

கடைசியில் அந்த சார், அதன் இனமே பூண்டற்றுப் போய்விட்டது, ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றார். உன் அம்மா முகம் செத்துவிட்டது. வம்சம் அற்றதிடமா பிள்ளை வரம் கேட்டோம் என்று எனக்கும் பகீரென்றது. தொட்டிலைத் தூக்கிப் போடு என்றேன். அவள் கேட்டால்தானே. நேற்றுச் சாயங்காலம் மழையோடு கிளம்பினாள், நானும் குடையோடு பின்னால் போனேன். வாட்ச்மேன் சோலை எங்களைப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டு பீடி பற்றவைத்தார். ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். ஏங்க, வம்சம் அத்துப்போன வலி அதுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும், நம்ம புள்ளைக்கு அது வராமப் பாத்துக்கிடும் என்றாள். அவளுக்குக் கொம்பு எட்டவில்லை, குடையைக் கீழே வைத்துவிட்டு நானே கட்டினேன்.

நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போங்கள், மறக்காதே. அந்த வீட்டில் வாழ வழியில்லை என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் ரயிலேறிவிடு, நம் வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராக்கப்பன்