இந்த செட் முடியட்டும்

ஜூன் 10, 2006. சனி
காலையிலிருந்தே புழுக்கம். கடையில் ஃபேன் வியாபாரம் நன்றாக ஓடுகிறது. கேபிள்காரரிடம் சொல்ல வேண்டும்: படம் நடுங்குகிறது. நாளை பாரிஸில் டென்னிஸ் ஃபைனல்.
கல்யாணமான நாளிலிருந்து பெரிய போட்டி ஒன்றையும் நானும் ஷமீமும் விட்டதில்லை. ஜனவரியில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் வெயிலில் காய்ந்தோம். நாளைய ஆட்டத்தில் அவள் சுவிஸ்காரர் கட்சி. நான் ஸ்பெயின் பையன் கட்சி. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

ஜூன் 12. திங்கள்
ஆஸ்பத்திரி வராந்தா. நேற்று எழுதவில்லை.
மூன்றாவது செட்டில் ஷமீம் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஒரு மாதிரி வலிக்குது."
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்த செட் முடியட்டும், கிளம்பிடலாம்" என்றேன்.
முடிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாலாவது செட், டை-பிரேக். பையன் ஜெயித்தான். எழுந்து நின்று கைதட்டினேன். திரும்பினால் அவள் நைட்டி நனைந்திருந்தது.
பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. மூச்சு விடச் சிரமம். கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாய்.
டாக்டரம்மா: "வலி ஆரம்பிச்சதும் வந்திருந்தா மருந்து குடுத்து ரெண்டு நாள் தள்ளிப் பாத்திருக்கலாம். ஏன் லேட்?"
ஆட்டோ கிடைக்கவில்லை என்றேன். பொய். தெருமுனையில் வரிசையாக நின்றிருந்தன.

ஜூன் 14. புதன்
கடை அரை நாள். வாங்க: பஞ்சு, ரொட்டி, ஃபிளாஸ்க்.
ஷமீமின் அம்மா தினமும் பொழிச்சலூரிலிருந்து வருகிறார். இன்று மகளுக்குத் திட்டு. "ஷேர் ஆட்டோல குலுங்கிகினு ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போவாதன்னு அடிச்சிக்கினேன். கேட்டியாடி?"
ஷமீம் தலை குனிந்தாள். நான் ஃபிளாஸ்க்கைக் கழுவப் போனேன். ஏற்கெனவே கழுவியதுதான்.

ஜூன் 16. வெள்ளி
ஜும்ஆ தொழுகையில் மனம் நிற்கவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். கேட்க முகம் இல்லை.
மாலையில் கண்ணாடிக்கு வெளியே இருவரும். ஷமீம் மெதுவாக, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வலி மூணாவது செட்ல வரல. ரெண்டாவதுலயே வந்துடுச்சு."
"ஏன் சொல்லல?"
"மொத செட்ட சுவிஸ்காரர் அப்படி ஜெயிச்சாரே. எழுந்தா ராசி போயிடும்னு உக்காந்துட்டேன். நீங்க செட் முடியட்டும்னு சொன்னீங்க பாருங்க, அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதான் தாங்கல."
கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. உள்ளே சின்ன நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

ஜூன் 19. திங்கள்
குழாயை எடுத்துவிட்டார்கள். தானாகவே மூச்சு!
மாமியாரிடம் சொல்லிவிட்டேன். என் பங்கை மட்டும். ஷமீம் பேரை இழுக்கவில்லை. கையிலிருந்த ஃபிளாஸ்க்கை மூடிக் கீழே வைத்தார்.
"பந்தாட்டமா?"
"ஆமா, மாமி."
"உங்க வூட்டுக்கு டிவி வாணாம். எடுத்துக்கினு வந்து எங்க வூட்ல வெச்சிடுங்க மாப்ள."

ஜூன் 25. ஞாயிறு
டிஸ்சார்ஜ். நாற்பது நாள் ஷமீமும் குழந்தையும் பொழிச்சலூரில்தான். வாடகை கார். பின்சீட்டில் அவள் மடியில் குழந்தை. முன்சீட்டில் என் மடியில் டிவி. டிரைவர் என்னை இரண்டு முறை பார்த்தார்.

ஜூலை 9. ஞாயிறு
மழை வருவதுபோல் இருட்டியது. வரவில்லை. லண்டனில் ஃபைனல், அதே இருவர். பொழிச்சலூர் போயிருக்கலாம். ஆட்டத்துக்காக வந்தேன் என்று மாமி நினைப்பாரோ என்று போகவில்லை. துணி துவைத்தேன். வீடு பெருக்கினேன். ரேடியோவில் ஸ்கோர் சொல்லவில்லை.
ஏழு மணிக்கு மேல் ஷமீமிடமிருந்து போன். எடுத்ததும், "எவ்ளோ?" என்றேன்.
"ரெண்டு கிலோ அறுநூறு!" அவள் குரலில் அத்தனை சந்தோஷம். "இன்னிக்கு எடை போட்டோம்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"
அல்ஹம்துலில்லாஹ் என்றேன். நான் கேட்டது எடையை இல்லை.